மூன்று நாள் விதியும் நான் விட்ட வேலையும்

டெக்சஸில் துப்பாக்கி கவுன்ட்டரில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "பயமா இல்லையா?" விட்டுவிட்டேன் என்றால், "ஏன், ஏதாவது ஆச்சா?" ஒன்றும் ஆகவில்லை. கடை எந்தச் சட்டத்தையும் மீறவும் இல்லை. விற்பனை விதி ஒன்றை மாற்றினார்கள், அது எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் வீட்டில் நாலு பேருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் என் வேலையில் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் அதை விட்டு வெளியே வருவதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது, கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. இதே மாதிரி யோசனையில் இருப்பவர்களுக்கு ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

டாலஸுக்கு வடக்கே இருக்கிற புறநகர்களில் ஒன்றில் எங்கள் வீடு. கடையின் பெயர் வேண்டாம். தூண்டில், கூடாரம், ஓடுகிற ஷூ, மான்களுக்கு வைக்கிற சோளம், பின்சுவர் முழுக்கத் துப்பாக்கி, எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற பெரிய கடை. 2021-இல் ஷூ பிரிவில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். 2023 தொடக்கத்தில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக ஆட்களை அனுப்பியபோது என் கணவரும் அதில் ஒருவர். பிறகு அவருக்குக் கிடைத்தது இன்ஷூரன்ஸ் இல்லாத கான்ட்ராக்ட் வேலை. நான் முழுநேரம் கேட்டேன். முழுநேரம் காலியாக இருந்த ஒரே இடம் கன் கவுன்ட்டர்.

எனக்குத் துப்பாக்கி என்றால் ஊரில் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல்தான். நம்மூரில் லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டும், தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இங்கே கவுன்ட்டரில் ஒருவர் விரலை நீட்டி "அதைக் காட்டுங்கள்" என்றால், பூட்டைத் திறந்து எடுத்து, குண்டு இல்லை என்று திறந்து பார்த்து, அவரும் பார்க்கிற மாதிரி காட்டி, கையில் கொடுக்க வேண்டும். சீக்கிரமே பழகிவிட்டது. எனக்கே ஆச்சரியம்தான்.

வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சாதாரண மனிதர்கள். செப்டம்பரில் புறா வேட்டை, நவம்பரில் மான் வேட்டை. மகனுக்கு முதல் துப்பாக்கி வாங்க வரும் அப்பா. தனியாக வசிக்கிற நர்ஸ். நம் ஆட்களும் வருவார்கள், கிரீன் கார்டோ குடியுரிமையோ வந்த பிறகு. ஹெச்-1பி, ஹெச்-4 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர. இதனால்தான் ஹெச்-4 ஈ.ஏ.டி.-இல், அதாவது கணவரின் விசாவைச் சார்ந்து கிடைக்கும் வேலை அனுமதியில், கடை வேலைக்குப் போகிற பெண்கள் இந்தக் கவுன்ட்டர் பக்கமே போகக்கூடாது என்று சொல்வேன். விற்பதற்கும் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இனி அந்த விதிக்கு வருகிறேன். இது புரியாமல் மற்றது புரியாது.

லைசென்ஸ் உள்ள கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்கிற மத்திய அரசின் ஃபார்மை நிரப்ப வேண்டும். அவருடைய பகுதியை அவரேதான் நிரப்ப வேண்டும், நாம் சொல்லிக்கொடுத்து டிக் போட வைக்கக்கூடாது. குற்றத் தண்டனை உண்டா, போதைப்பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அதில் முதல் கேள்வியே, இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது. பிறகு எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் என்கிற அமைப்பில் பேக்ரவுண்ட் செக். 1993-இல் வந்த பிரேடி சட்டப்படி 1998 நவம்பரில் தொடங்கியது இது. மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது அதன் அலுவலகம். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: "ப்ரொசீட்" என்றால் கொடுக்கலாம், "டினைட்" என்றால் கூடாது. ஏன் கூடாது என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக்கூடாது. டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தச் செக்கே தேவையில்லை.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. "டிலேட்". அதாவது, ஏதோ பதிவு இடிக்கிறது, பார்த்துச் சொல்கிறோம். அவர்கள் பார்த்துச் சொல்ல மூன்று வேலை நாள். அதற்குள் பதில் வரவில்லை என்றால், கடை விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். வியாழக்கிழமை ஃபார்ம் போட்டால் வெள்ளி, திங்கள், செவ்வாய் கணக்கு. புதன்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், எஃப்.பி.ஐ. ஒரு வார்த்தை சொல்லாமலே.

"கடை விரும்பினால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டம் "கொடுக்கலாம்" என்கிறது, "கொடுத்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. வால்மார்ட் பல வருடங்களாகவே பச்சைக்கொடி வராமல் கொடுப்பதில்லை. எங்கள் கடையும் நான் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது. டிலே ஆன பெட்டியைப் பின்னறைக் கூண்டில் வைத்து, மேலே மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவோம். பதில் வரும்வரை அது அங்கேயேதான்.

இந்த மூன்று நாள் ஓட்டைக்குச் சார்ல்ஸ்டன் என்று ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன், அந்தத் துப்பாக்கியை ஏப்ரலில் வாங்கியது இந்த வழியில்தான். அவன் மேல் போதைப்பொருள் வழக்கு ஒன்று இருந்தது. எந்தப் போலீஸ் நிலையத்தில் விசாரிப்பது என்பதில் எஃப்.பி.ஐ. ஊழியர் தடுமாற, மூன்று நாள் ஓடிவிட்டது, கடை கொடுத்துவிட்டது. அவனுக்கு அது கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ.யின் தலைவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் இப்படிக் கைமாறிய பிறகு "ஐயோ, இவருக்குக் கொடுத்திருக்கக்கூடாது" என்று பதில் வருகிறது. அப்புறம் ஏ.டி.எஃப். என்கிற, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பின் ஆட்கள் வீடு தேடிப் போய் வாங்கி வர வேண்டும்.

2023 இலையுதிர்காலத்தில், பிளாக் ஃபிரைடேக்கு முன்னால், எங்களுக்குப் புது விதி வந்தது. காலை மீட்டிங்கில் மாவட்ட மேனேஜர் வாசித்தார். டிலே ஆனவர்களுக்கு மூன்று வேலை நாள் முடிந்ததும் கடையே போன் செய்து கூப்பிட வேண்டும், வந்தால் கொடுத்துவிட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் தன்னிஷ்டத்துக்கு மறுக்கக்கூடாது, மறுப்பதானால் மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். காரணமும் சொன்னார்: பக்கத்துக் கடைகள் கொடுக்கின்றன, வாடிக்கையாளர் அங்கே போய்விடுகிறார், கூண்டில் சரக்கு தேங்குகிறது. வியாபாரக் கணக்காகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரிதான்.

எங்கள் கவுன்ட்டரில் ஒரு பெரியவர் இருந்தார். ராணுவத்தில் இருந்தவர், வீட்டில் எத்தனை துப்பாக்கி என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவர் எனக்கு எதிர்வாதம் சொன்னார், நியாயமான வாதம். "டிலே ஆகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். கார்சியா, ஸ்மித் என்று பேர் வைத்த பாவத்துக்கு ஒவ்வொரு தடவையும் மாட்டுகிறார்கள். அரசாங்கம் வேலையை முடிக்கவில்லை என்றால் அவன் ஏன் காத்திருக்க வேண்டும்?" அப்படி அடிக்கடி மாட்டுகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் விவரம் கொடுத்து ஒரு தனி எண் வாங்கிக்கொள்ளலாம், அடுத்த முறை அந்த எண்ணை ஃபார்மில் எழுதினால் குழப்பம் குறையும் என்று நான் சொன்னேன். "எத்தனை பேருக்கு அது தெரியும்?" என்றார். அதுவும் சரி. அதன் பிறகு டிலே ஆனவர்களுக்கெல்லாம் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் இந்த ஊரில் துப்பாக்கி வாங்குகிறவராக இருந்து இப்படி மாட்டினால், அந்தத் தனி எண்ணை யு.பி.ஐ.என். என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் என் மனம் ஏன் சமாதானமாகவில்லை? அந்த வருடம் மே 6 அன்று, எங்கள் வீட்டிலிருந்து கார் தூரத்தில், ஆலன் ஊரின் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைக் கொன்றான். இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு, தெலுங்குப் பெண். நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கிற மால் அது. அந்தச் சம்பவத்துக்கும் மூன்று நாள் விதிக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கவுன்ட்டரில் நின்று ஒரு பெட்டியை நகர்த்தும்போது என் கை கொஞ்சம் யோசித்தது. அந்த யோசனைக்கு இடம் கொடுத்த ஒரே விஷயம் கூண்டும் மஞ்சள் சீட்டும்தான். அதை எடுத்துவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை ஒருவர் வந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். போன வாரம் டிலே. கடைதான் போன் செய்து கூப்பிட்டிருந்தது. ஃபார்மில் அவர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், முதல் நாள் சொன்னதெல்லாம் இன்றும் உண்மை என்று. பேனாவை வாங்கியவர், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "அப்படியென்றால் நான் பாஸ் ஆகிவிட்டேனா?" என்றார். இல்லை, பதிலே வரவில்லை என்றேன். "ஓ" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்கள் கடை வழக்கப்படி பெட்டியை வாடிக்கையாளர் கையில் உள்ளே கொடுப்பதில்லை. ஊழியர் தூக்கிக்கொண்டு வாசல்வரை கூடவே நடந்து, கதவுக்கு வெளியே கொடுக்க வேண்டும். மிதிவண்டிகள், ஐஸ் பெட்டிகள், பிள்ளைகள் பேஸ்பால் மட்டை ஆட்டிப் பார்க்கிற இடம், எல்லாம் தாண்டி நடந்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அவர் யாரையும் எதுவும் செய்தார் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. பிறகு அவருக்கு என்ன பதில் வந்தது என்றும் எனக்குத் தெரியாது. பதில் தெரியாமல் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்பது மட்டும் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடும்மா" என்றார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது மெதுவாக, "இன்ஷூரன்ஸுக்கு என்ன பண்றது?" பெரியவளுக்குப் பல்லில் கம்பி மாட்டிப் பாதியில் இருந்தது.

உடனே விடவில்லை. முதலில் இடமாற்றம் கேட்டேன். பிடிக்காத ஒரு வேலை இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான், அதுவும் எழுத்தில். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. ஈமெயிலில் நாலு வரி: இந்த விதிப்படி பதில் வராத விற்பனையை என்னால் செய்ய இயலவில்லை, வேறு எந்தப் பிரிவானாலும் சரி, சம்பளம் குறைந்தாலும் சரி. விதியைப் பற்றி ஒரு வார்த்தை விமர்சனம் இல்லை. கடை மேனேஜர் நல்லவர், தூண்டில் பிரிவுக்கு மாற்றினார். ஆனால் ஆள் குறைந்த நாளில் கன் கவுன்ட்டரையும் பார்க்க வேண்டும் என்றார். டிசம்பரில் ஆள் குறையாத நாள் ஏது?

கூட இருந்தவர்களில் சிலருக்கும் என் எண்ணம்தான். சேர்ந்து கடிதம் எழுதலாமா என்று பேச்சு வந்தது. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம், பாதுகாப்பு, வேலை நிலைமை பற்றிச் சகஊழியர்கள் சேர்ந்து பேசுவதற்கு 1935-இன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, யூனியன் இல்லாவிட்டாலும். ஆனால் கம்பெனி எதை விற்க வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்று கருத்துச் சொல்வதற்கு அந்தக் குடையை நம்ப முடியாது. அதனால் எங்கள் கடிதம், மறுக்கும் அதிகாரம் தராமல் கொடுக்கும் பொறுப்பைக் கவுன்ட்டர் ஊழியர் தலையில் கட்டுவது பற்றி மட்டும் பேசியது. பெரியவரும் கையெழுத்துப் போட்டார், எனக்கு அது எதிர்பாராதது. "கொடுப்பது தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கவுன்ட்டரில் நிற்பவனுக்கு இருக்க வேண்டும்" என்றார். பதிலாக "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி வந்தது.

கடிதத்தால் கடைகள் மாறியதே இல்லையா என்றால், மாறியிருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் மேலே இருப்பவர் மனது வைத்தால். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட இரண்டு வாரத்தில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்கிற விளையாட்டுப் பொருள் கடைகள் ராணுவப் பாணி ரைஃபிள் விற்பதை நிறுத்தி, துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கின. வால்மார்ட்டும் அதே நாளில் வயதை உயர்த்தியது. டிக்ஸின் முடிவு பிடிக்காமல் அங்கே வேலையை விட்டவர்களும் உண்டு, என் கதைக்கு நேர் எதிர்த்திசையில். 2019-இல் எல் பாசோ வால்மார்ட்டில் படுகொலை நடந்தபோது கலிஃபோர்னியாவில் அந்தக் கம்பெனியின் அலுவலக ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அடுத்த மாதம் வால்மார்ட் கைத்துப்பாக்கிக் குண்டு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. எங்கள் கடையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜனவரியில் ராஜினாமா கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பணம் சம்பந்தப்பட்டது இதுதான்.

இன்ஷூரன்ஸ் எந்த நாளோடு முடிகிறது என்று முதலில் பாருங்கள். சில கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடு, சில இடங்களில் அந்த மாதக் கடைசிவரை. எங்களது மாதக் கடைசி. அதனால் கடைசி நாளை மாதத்தின் முதல் வாரத்தில் வைத்தேன், மீதி வாரங்கள் லாபம். அதற்குள் பல் டாக்டர், கண்ணாடி, மருந்து எல்லாம் முடித்துக்கொண்டோம். நாமாக வேலையை விட்டால் கோப்ரா, அதாவது வேலை போன பிறகும் பழைய இன்ஷூரன்ஸைத் தொடரும் வசதி, கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்கும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனிகளில் பொதுவாக 18 மாதம்வரை அதே இன்ஷூரன்ஸை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கும் சேர்த்து 102 சதவீதம்வரை நாமே கட்ட வேண்டும். தொகையைப் பார்த்தால் மயக்கம் வரும். இதில் ஒரு வசதி என்னவென்றால், வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல 60 நாள் அவகாசம், எடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். அந்த இடைவெளியில் பெரிய செலவு வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். அதே 60 நாளுக்குள் அரசின் ஹெல்த்கேர் தளத்தில் விற்கிற இன்ஷூரன்ஸிலும் புதிதாகச் சேர முடியும். எங்கள் வருமானத்துக்கு மானியம் கிடைத்ததால் அங்கேயே சேர்ந்தோம்.

வேலையின்மை உதவித்தொகையை நம்பி வேலையை விடாதீர்கள். நாமாக விட்டால் "வேலை சம்பந்தப்பட்ட தகுந்த காரணம்" காட்ட வேண்டும், மனசாட்சி அதில் சுலபமாக அடங்காது. இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. இந்தியானாவில் இரும்பு வார்ப்பாலை ஒன்றில் வேலை பார்த்த, ஜெஹோவா சாட்சி சபையைச் சேர்ந்த ஒருவரை ராணுவ டாங்கியின் பாகம் செய்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். என் மதம் இதை அனுமதிக்காது என்று அவர் விட்டார், உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1981-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது மத நம்பிக்கையின் பேரில். உங்கள் மறுப்பு உண்மையிலேயே மதத்திலிருந்து வருவதானால் அதை முதல் ஈமெயிலிலேயே எழுதுங்கள், வேறு வேலை கொடுப்பது பற்றி முதலாளி சட்டப்படியே யோசிக்க வேண்டிவரும். என்னுடையது அப்படியில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்பதற்காக அதைச் சாமி தலையில் போட எனக்கு மனமில்லை. விண்ணப்பித்துப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு டெக்சஸில் 14 நாள்தான், அதுவும் கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து. என் காரணம் அங்கே நிற்காது என்று தெரிந்ததால் அதோடு விட்டேன்.

சம்பளப் பாக்கி: டெக்சஸில் நாமாக விட்டால் அடுத்த வழக்கமான சம்பள நாளில் வர வேண்டும், அவர்களாக நீக்கினால் ஆறு நாளுக்குள். எடுக்காத விடுமுறைக்குப் பணம் தருவது இங்கே கம்பெனி விதியைப் பொறுத்தது. எங்கள் கையேட்டில் முறையாக நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இரண்டு வார நோட்டீஸ் என்பது சட்டமில்லை, பழக்கம்தான், ஆனால் அந்த ஒரு வரிக்காகவே கொடுத்தேன். 401கே என்கிற, கம்பெனி வழி ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை உங்கள் பேருக்குச் செக்காக வாங்காதீர்கள், 20 சதவீதம் வரிக்குப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஐ.ஆர்.ஏ. என்கிற உங்கள் சொந்த ஓய்வுக்காலக் கணக்குக்கு நேரடியாக மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோபத்தில் ஃபார்மைப் படம் பிடிப்பது, வாடிக்கையாளர் பேரை வெளியே சொல்வது, இவை வேண்டவே வேண்டாம். அந்தத் தாள்களில் இருப்பது அடுத்தவர் வாழ்க்கை. சட்டமீறல் நடந்தால், உதாரணமாக ஒருவர் பேரில் இன்னொருவருக்கு வாங்குவது தெரிந்தும் கடை விற்கிறது என்றால், ஏ.டி.எஃப்.-இடம் புகார் சொல்லலாம். 2022-இல் வந்த சட்டப்படி அப்படி வாங்குவதற்கு 15 வருடம்வரை சிறை. எங்கள் கடையில் நடந்தது அதுவல்ல, பிடிக்காத கொள்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் புகாருக்கும் மதிப்பிருக்காது, நமக்கும் தலைவலி.

ராஜினாமாவில் காரணம் எழுதவில்லை. கடைசி நாள் ஹெச்.ஆர். பெண் கேட்டபோது சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்களே என்றுதான் பெரிய கவலை. டெக்சஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இடுப்பிலேயே ஒன்று இருக்கலாம். ஒத்திகை பார்த்துப் போனேன்: "விற்பனைக்கான பொறுப்பு என் மேல், முடிவெடுக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. அது எனக்குச் சரிவரவில்லை." துப்பாக்கி என்ற சொல்லே வரவில்லை. கேட்டவர் ஒரு மருந்துக்கடையின் மேனேஜர். அவர் தலையாட்டிவிட்டு, சந்தேகமான சீட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். நிறுத்தி வைத்து ஃபார்மசிஸ்டைக் கூப்பிடுவேன் என்றேன். வேலை கிடைத்தது, மணிக்கு இரண்டு டாலர் குறைவாக. இன்ஷூரன்ஸ் மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும் என்றார்கள், அதுவரை ஹெல்த்கேர் தளத்து பாலிசியிலேயே ஓட்டினோம்.